எட்டு மணிப் படுக்கையும் பிரம்பும்

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். என் மகனுக்கு மூன்றரை வயது. பாளையங்கோட்டையில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மதியம் பிளே ஸ்கூல் விட்டு வந்ததும் அத்தை அவனுக்குச் சோறு ஊட்டித் தூங்கவைப்பார். நாலரை, சில நாள் ஐந்து மணிக்குத்தான் எழுந்திருப்பான். கணவர் ஒன்பது மணிக்கு வருவார். பிறகு சாப்பாடு, குடும்ப ஜெபம். பத்து மணிக்குப் பாயை விரித்தால் பதினொன்றரை வரை போராட்டம். தண்ணீர் வேண்டும், ஒன்றுக்கு வருகிறது, இன்னொரு கதை சொல், விளக்கை அணைக்காதே, கடைசியில் அழுகை.

"பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்று அத்தை என்னிடம் சொல்கிறார். அவனிடம், "தூங்காவிட்டால் இயேசப்பா கண்ணைக் குத்திவிடுவார்" என்கிறார். பெங்களூரில் இருக்கும் என் தங்கை 'ஜென்டில் பேரன்டிங்' வீடியோக்களாக அனுப்புகிறாள். பிள்ளையை அழவிடுவதே கொடுமை என்கிறார்கள் அதில். பெண்கள் ஐக்கியத்தில் ஒரு மூத்த சகோதரியோ, "சுசன்னா வெஸ்லி எட்டு மணிக்குப் பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார். அப்படி வளர்ந்தவர்தான் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி" என்றார். போன வாரம் பொறுக்க முடியாமல் காலில் இரண்டு அடி வைத்துவிட்டேன். விசும்பிக்கொண்டே தூங்கிப்போனான். அதன்பின் எனக்கு ஜெபிக்க வாய் வரவில்லை. இதில் எது வேதத்துக்கு ஏற்றது?

ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

சுசன்னா வெஸ்லியின் பெயரைச் சொல்லி உங்களை வாயடைத்த சகோதரி, அந்த அம்மாள் எழுதிய கடிதத்தை முழுவதும் படித்திருப்பாரா என்பது சந்தேகம். 1732 ஜூலையில், பிள்ளைகளை எப்படி வளர்த்தீர்கள் என்று ஜான் கேட்டதற்குப் பதிலாக எழுதியது அது. எட்டு மணிக்குள் எல்லாப் பிள்ளைகளும் படுக்கையில் இருப்பார்கள், விழித்திருக்கும்போதே விட்டுவிட்டு வருவோம், தூங்கும் வரை பக்கத்தில் உட்காரும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது என்று அதில் இருப்பது உண்மைதான்.

ஆனால் அந்த எட்டு மணிக்கு முன்னால் என்ன நடந்தது என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆறு மணிக்குக் குடும்ப ஜெபம். அது முடிந்ததும் இரவுச் சாப்பாடு. ஏழு மணிக்கு வேலைக்காரப் பெண் கடைக்குட்டியில் தொடங்கி ஒவ்வொருவராகக் கழுவி, உடை மாற்றிப் படுக்கவைப்பாள். கைக்குழந்தைகளைத் தொட்டிலில் ஆட்டித்தான் தூங்கவைத்திருக்கிறார்கள். பகல் தூக்கத்தைக் காலையில் மூன்று மணி நேரம், பிற்பகலில் மூன்று மணி நேரம் என்று தொடங்கி, பிறகு இரண்டிரண்டாகக் குறைத்து, கடைசியில் தேவையே இல்லாமல் செய்திருக்கிறார்கள். வெஸ்லியின் அப்பா குருவாக இருந்த இங்கிலாந்தின் எப்வொர்த் குருமனையில் பிள்ளைகள் எட்டு மணிக்கு அடங்கியதற்குப் பாதிக் காரணம் இந்த ஏற்பாடு. உங்கள் வீட்டில் அந்த வேலைக்காரப் பெண்ணும் நீங்கள்தான், சுசன்னாவும் நீங்கள்தான். ஜெபம் தொடங்குவதே ஒன்பதரைக்கு. மாலை ஐந்து மணிக்குத் தூங்கி எழுந்த பிள்ளைக்குப் பத்து மணிக்குக் கண் சொருக வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்.

மூன்றிலிருந்து ஐந்து வயது வரை ஒரு நாளைக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரத் தூக்கம் போதும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் 2016-இல் சொன்ன கணக்கு. பகல் தூக்கமும் அதில் அடக்கம். உங்கள் மகன் மதியமே அதில் கணிசமான பங்கைத் தீர்த்துவிடுகிறான். அதைப் பிடிவாதம் என்றும் கீழ்ப்படியாமை என்றும் பெயரிட்டு நீதிமொழிகளைத் திறப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பிரம்பைப் பற்றிய வசனங்கள் மதியீனத்தைத் திருத்துவதைப் பேசுகின்றன. தூக்கம் வராதிருப்பது மதியீனம் அல்ல. பெரியவர்கள் நமக்கே வரவில்லை என்றால் மாத்திரை கேட்கிறோம், பிரம்பு கேட்பதில்லை.

சுசன்னா சொன்னதெல்லாம் எனக்கு ஏற்புடையதும் அல்ல. ஒரு வயதானதுமே, சிலருக்கு அதற்கும் முன்பே, பிரம்புக்குப் பயந்து, சத்தமில்லாமல் அழக் கற்றுக்கொடுத்தோம் என்கிறார். பத்தொன்பது பெற்று ஒன்பதைக் குழந்தைகளாகவே புதைத்த ஒரு தாய், அந்தக் காலத்தில், அந்த நெருக்கடியில் கண்ட வழி அது. அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ள அவர் மோசேயும் அல்ல. அதே கடிதத்தில் இன்னொன்றும் உண்டு, யாரும் அதை மேடையில் சொல்வதில்லை: தப்பை ஒப்புக்கொண்டு திருந்துகிறேன் என்ற பிள்ளைக்கு அடி கிடையாது. ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை கண்டிப்பும் கிடையாது. அந்தப் பெரிய குடும்பத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு மாலை என்று ஒதுக்கி, தனியே உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்து ஆக்ஸ்போர்டில் ஆசிரியரான பிறகு, அந்த வியாழன் மாலையில் எனக்குக் கொடுத்த கொஞ்ச நேரத்தை இப்போதும் தரமுடியுமா என்று அம்மாவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார் அவர். இருட்டில் தனியே விடப்பட்ட எட்டு மணியைத் திருப்பிக் கேட்டதாக எங்கும் இல்லை.

இனி உங்கள் தங்கையின் வீடியோக்கள். அவற்றில் நல்லது இருக்கிறது. அழுகிற பிள்ளையைப் பார்த்துக் கத்தாதே என்பது பவுல் சொன்னதற்கு எதிரானதல்ல. "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" என்று கொலோசெயருக்கு எழுதியவர் அவர். ஆனால் பிள்ளை சிந்தும் ஒவ்வொரு துளிக் கண்ணீரும் தாயின் பாவம் என்று சொல்வது இன்னொரு நியாயப்பிரமாணம். இரவு பத்தரைக்கு, "உனக்கு இப்போது ஏமாற்றமாக இருக்கிறது, அது எனக்குப் புரிகிறது" என்று தொடங்கிக் கால் மணி நேரம் பேசினால், விழித்திருப்பதற்கு அதைவிட நல்ல காரணம் ஒரு மூன்றரை வயதுப் பிள்ளைக்குக் கிடைக்காது. அந்த வீடியோக்களில் பிள்ளைக்கென்று தனி அறை இருக்கிறது, கதவு இருக்கிறது. நம் வீடுகளில் வரிசையாகப் பாய். அதற்காகக் கூச்சப்பட வேண்டாம். நள்ளிரவில் அப்பம் கேட்டு வந்த சிநேகிதனின் உவமையில் வீட்டுக்காரன், "கதவு பூட்டியாயிற்று, என் பிள்ளைகள் என்னோடேகூடப் படுத்திருக்கிறார்கள்" என்கிறான். பாடுபட்டுப் பிள்ளையைத் தூங்கவைத்த எவரும் அந்த மனிதனைக் குறை சொல்லமாட்டார்கள். (ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை மட்டும் அதே அறையில் தனிப் படுக்கையில் விடச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். உங்கள் மகன் அதைத் தாண்டிவிட்டான்.)

வேதத்துக்கு ஏற்றது எது என்று கேட்டீர்கள். 1 சாமுவேல் 3-ஐ இந்தக் கண்ணோடு ஒருமுறை படியுங்கள். சிறுவன் சாமுவேல் படுத்தபின் எழுந்து ஓடிவருகிறான். "இதோ, இருக்கிறேன், என்னைக் கூப்பிட்டீரே" என்கிறான். ஆசாரியர் ஏலியோ வயதானவர், கண் மங்கியவர், தூக்கம் கலைந்தவர். "நான் கூப்பிடவில்லை, திரும்பிப்போய்ப் படுத்துக்கொள்" என்கிறார். பையன் மறுபடி வருகிறான். மறுபடி அதே பதில், இந்த முறை "என் மகனே" என்ற அழைப்போடு. மூன்றாம் முறையும் அவர் சலித்துக்கொள்ளவில்லை. பையனைக் கூப்பிடுகிறவர் கர்த்தர் என்று அப்போதுதான் அவருக்குப் புரிகிறது; மறுபடி கூப்பிட்டால் என்ன பதில் சொல்வது என்றும் சொல்லிக்கொடுக்கிறார். ஆனால் மூன்று முறையும் முதலில் சொன்னது ஒன்றுதான்: போய்ப் படு. நீண்ட விளக்கமும் இல்லை, மிரட்டலும் இல்லை. எனக்குத் தெரிந்து, படுக்கையைவிட்டு எழுந்து வரும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

அதே அதிகாரத்தில்தான், தன் குமாரர் செய்த அக்கிரமத்தை அறிந்தும் அவர்களை அடக்காமற்போனதற்காக அதே ஏலியின் வீட்டுக்கு நியாயத்தீர்ப்பு வருகிறது. அவர்கள் பலியின் இறைச்சியைப் பலவந்தமாய்ப் பறித்த வளர்ந்த ஆசாரியர்கள். கண்டிப்பு அங்கே வேண்டியிருந்தது, ஏலி வாயால் சொன்னதோடு நின்றுவிட்டார். அந்தக் கண்டிப்பைக் கொண்டுவந்து, தண்ணீர் கேட்டு எழும் பிள்ளையின் காலில் வைக்கிறோம் நாம்.

அத்தை சொல்வதில் எனக்குக் கோபம் வருவது பிரம்பைப் பற்றியல்ல, "இயேசப்பா கண்ணைக் குத்துவார்" என்பதைப் பற்றி. பூச்சாண்டி செய்த வேலையைக் கர்த்தருக்குக் கொடுத்திருக்கிறார். இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை, தூங்குகிறதுமில்லை என்று 121-ஆம் சங்கீதம் சொல்வது, நாம் கண்ணை மூடலாம் என்பதற்காக. அதே விழிப்பைக் காட்டி இருட்டில் ஒரு பிள்ளையை மிரட்டினால், இரவு ஜெபத்தில் அவன் யாரைக் கூப்பிடுவான்? இதை மட்டும் அத்தையிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், தனியே, கணவரையும் வைத்துக்கொண்டு. பிரம்பு வசனத்துக்குப் பதில் வசனம் தேடாதீர்கள். பகல் முழுவதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் அவர். மதியம் ஒரு மணி நேரத்தில் அவனை எழுப்பிவிடும் வேலையை அவரால்தான் செய்யமுடியும்.

ஜெபத்தை ஏழரைக்குக் கொண்டுவாருங்கள். கணவர் வந்துதான் ஜெபம் என்றால் பிள்ளை தூங்கியபின் நீங்கள் இருவரும் இன்னொரு முறை ஜெபிக்கலாம். பிள்ளையோடு ஒரு பாட்டு, நான்கு வரி ஜெபம், ஒரு கதை, எட்டரைக்கு விளக்கை அணைத்துப் பக்கத்தில் படுங்கள். ஒன்பது மணிக்கு அப்பா வரும்போது அவன் விழித்திருந்தால் தூக்கிப்போட்டு விளையாடக்கூடாது என்று சொல்லிவையுங்கள். அவர் காலையில் விளையாடட்டும். இரண்டாவது கதை கேட்டு அழுதால் அழட்டும். நீங்கள் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள், அது கைவிடுவது ஆகாது.

அடித்ததைப் பற்றி. காலையில் அவனிடம், "அம்மா அடித்தது தப்பு" என்று சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் இப்போதும் சொல்லலாம். ஜெபிக்க வாய் வரவில்லை என்றீர்கள். ஏசாயா 40-இல் மேய்ப்பர் ஆட்டுக்குட்டிகளை மடியிலே சுமப்பதோடு நின்றுவிடவில்லை, "கறவலாடுகளை மெதுவாய் நடத்துவார்" என்றும் இருக்கிறது. பால் கொடுக்கிறவளுக்கு வேகமாக நடக்கமுடியாது என்று அவருக்குத் தெரியும். காலையில் வேலைக்குப் போய், இரவு பதினொன்றரை வரை போராடுகிறவள் வார்த்தையில்லாமல் உட்கார்ந்திருந்தாலும் அவர் குறைவாக எண்ணமாட்டார்.

இன்னொன்று, இதை யாரும் உங்களிடம் கேட்டிருக்கமாட்டார்கள்: தூங்கும்போது குறட்டை விடுகிறானா, வாயைத் திறந்து மூச்சு விடுகிறானா, புரண்டு புரண்டு படுக்கிறானா? அப்படியானால் முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருந்தாலும் பிள்ளைகளின் தூக்கம் கெடும். மதியத் தூக்கத்தைக் குறைத்து இரண்டு வாரம் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா