சோழகக் (தென்மேற்குப் பருவக்) காற்றில் சிறுவிமான டேக்ஓஃப் (மேலெழுதல்): கேள்வி பதில்

ஹட்டன், பயிற்சி மாணவர்: சேர், இரத்மலானை 22ஆம் ஓடுபாதை. காற்று 260 பாகையிலிருந்து 16 நொட் (மணிக்குக் கடல்மைல்), இடையிடையே 24 வரை வீசுகிறது. செஸ்னா 172எஸ் எடுக்கலாமா?

16ஐ மறந்துவிடுங்கள் தம்பி, 24ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள். 22ஆம் ஓடுபாதை என்றால் 220 பாகைத் திசை; அதற்கும் காற்றுக்கும் இடையே 40 பாகை. குறுக்காக அடிப்பது அதில் 0.64 பங்கு. சராசரிக் காற்றில் அது 10 நொட்தான். வீச்சு வந்தால் 15ஐத் தாண்டும். சோதனைப் பறப்பில் செய்துகாட்டியதாக விமானக் கையேடு சொல்லும் குறுக்குக்காற்று அளவே 15. "அது சட்ட எல்லை இல்லையே" என்று தேநீர்க் கடையில் வாதாடலாம். மாணவருக்கு அதுதான் எல்லை.

பண்டாரவளை: குறுக்குக்காற்றில் கைகால் என்ன செய்யவேண்டும்?

ஓட்டம் தொடங்கும்போது எய்லரோனை (இறக்கை ஓரத்து அசையும் தகடு) காற்று வரும் பக்கம் முழுவதும் திருப்புங்கள். வேகம் ஏற ஏறக் குறையுங்கள், ஆனால் நடுவுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். மூக்கு காற்றுப் பக்கம் திரும்பப் பார்க்கும். எதிர்க்காலால் ரடரை (வால் சுக்கான்) மிதித்துப் பிடியுங்கள். வழக்கத்தைவிடச் சில நொட் கூடுதலாக வந்தபின் ஒரே இழுப்பில் எழுப்புங்கள். அரைகுறையாக எழுந்து பக்கவாட்டில் மீண்டும் விழுந்தால் சில்லின் கால்தான் உடையும்.

நுவரெலியா: கிரகரி வாவியில் நீர்விமானம் நண்பகலில் ஏன் நெடுந்தூரம் ஓடுகிறது?

ஊரின் உயரம் 1868 மீற்றர், ஏறக்குறைய 6100 அடி. நியம வளிமண்டலக் கணக்கில் அந்த உயரத்தில் வெப்பநிலை 3 பாகை செல்சியஸ்தான் இருக்கவேண்டும். வெயில் 20 பாகை என்றால் 17 கூடுதல்; பாகைக்கு 120 அடி வீதம் 2000 அடி. ஆக இயந்திரத்துக்கும் இறக்கைக்கும் அது 8100 அடி உயரத்து மெல்லிய காற்று. மெல்லிய காற்றில் வேகமானி வழக்கமான எண்ணைக் காட்டும்போதே உண்மை வேகம் கூடுதல் என்பதால் கரை கண்ணில் விரைந்து ஓடும். "போதும்" என்று முந்தி இழுப்பவர்கள் அங்கேதான் மாட்டுகிறார்கள். நீர் கண்ணாடிபோலக் கிடந்தால் ஃப்ளோட் (மிதவைக் கால்) நீரில் ஒட்டிக்கொண்டு ஓட்டம் இன்னும் நீளும், சிற்றலை நல்லது.

கண்டி: ஓடும்போதே காற்று திரும்பினால்?

172 கையேட்டின்படி எதிர்க்காற்று 9 நொட்டுக்குத் தூரம் 10 வீதம் குறையும். பின்காற்றோ வெறும் 2 நொட்டுக்கே 10 வீதம் கூட்டும். காற்றில்லாமல் 500 மீற்றர் தேவை என்றால், எதிரே 9 நொட்டில் 450, பின்னே 6 நொட்டில் 650. த்ரோட்டிலை (இயந்திர விசைப்பிடி) தள்ளுமுன் ஓடுபாதையின் நடுவில் ஓர் அடையாளம் பிடியுங்கள். அங்கே எழும் வேகத்தில் 70 வீதம் (எழும் வேகம் 55 நொட் என்றால் 39) வராவிட்டால் த்ரோட்டிலை மூடி நிறுத்துங்கள்.

ஹப்புத்தளை: எதிர்க்காற்று என்றாலே நல்லதுதானே அண்ணா?

முன்னால் மலை இல்லாவிட்டால். சோழகம் மேற்கிலிருந்து முகட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் கீழே விழுகிறது. அதைத்தான் கச்சான் என்கிறோம். முகட்டை நோக்கி எழுந்தால் எதிர்க்காற்றும் கிடைக்கும், கீழிறங்கும் காற்றும் கிடைக்கும். நிமிடத்துக்கு 400 அடி ஏறும் விமானம் 600 அடி இறங்கும் காற்றில் 200 அடி இறங்கத்தான் செய்யும். எழுந்ததும் பள்ளத்தாக்கின் திறந்த பக்கம் திரும்ப இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பள்ளத்தாக்கின் இரு பக்கத் தேயிலைத் தொழிற்சாலைப் புகையும் வெவ்வேறு பக்கம் சாய்ந்தால் கிளம்பவேண்டாம். மறுநாள் விடியலில், மலைச்சரிவு சூடேறுமுன் போங்கள்.