ஓய்வு பெற்ற அப்பாவை ஆஸ்திரேலியாவில் மரவேலைக் கொட்டகையில் சேர்க்கலாமா? அங்கே அப்படி என்னதான் செய்வார்கள்?

கேட்டவர் மகனா மகளா தெரியவில்லை. "அப்பா வீட்டிலேயே அடைந்து கிடக்கிறார், பக்கத்தில் மென்ஸ் ஷெட் ஒன்று இருக்கிறது, மரவேலை செய்கிறார்களாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். மென்ஸ் ஷெட் என்றால் ஆண்கள் கூடிக் கைவேலை செய்கிற கொட்டகை. அப்படி அடைந்து கிடந்த ஒரு அப்பா நான். அதனால் இந்தப் பதில் அவர் கட்சியில் இருந்துதான் வரும்.

சேர்க்கலாம். ஆனால் "உங்களைச் சேர்த்துவிடுகிறேன்" என்று மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள். எல்.கே.ஜி.யில் சேர்க்கிற மாதிரி இருக்கும். என் பையன் அப்படித்தான் சொன்னான். நான் இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம். கணக்கு வாத்தியாராக இருந்து 58 வயதில் ஓய்வு. 2017இல் மெல்பர்ன் வந்தோம். காலை ஏழரைக்குப் பையனும் மருமகளும் கிளம்பிவிட்டால் தெருவில் ஒரு மனிதக் குரல் கேட்காது. ஊரில் என்றால் தேரடி வரைக்கும் நடந்தால் பத்துப் பேர் "சார், சாப்பிட்டாச்சா?" என்பார்கள். இங்கே தபால்காரரைப் பார்ப்பதற்காக வாசலில் நின்றிருக்கிறேன், நிஜமாக. உங்கள் அப்பாவும் நின்றுகொண்டிருப்பார். நீங்கள் ஆபீஸில் இருப்பதால் தெரியாது.

இந்த மென்ஸ் ஷெட் சமாசாரம் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. 1993இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் கூல்வாவில் இப்படி ஒரு கொட்டகை தொடங்கியது. 'மென்ஸ் ஷெட்' என்ற பெயரோடு முதலில் திறந்தது 1998இல், இதே விக்டோரியா மாநிலத்தில் டொங்காலா என்கிற சின்ன ஊரில். 2007இல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தேசியச் சங்கம். இன்றைக்கு நாடு முழுக்க ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்தால் மனசைத் திறக்க மாட்டார்கள், பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தால் பேசிவிடுவார்கள் என்பது இவர்கள் சித்தாந்தம். முதலில் கேட்டபோது சிரித்தேன். பிறகு யோசித்தால் நம்ம ஊரில் டீக்கடை பெஞ்சு செய்வதும் இதைத்தானே.

(உடனே "பெண்கள் தனிமையில் இல்லையா?" என்று யாராவது கீழே கேட்பீர்கள். இருக்கிறார்கள். சில கொட்டகைகளில் பெண்களும் உறுப்பினர், சில இடங்களில் அவர்களுக்குத் தனி நாள். எங்களுடையது வியாழக்கிழமை கலப்பு. என்னிடம் சண்டைக்கு வராதீர்கள், விதியை நான் எழுதவில்லை.)

முன்னனுபவம் வேண்டாம். எனக்கு இருந்ததெல்லாம் சின்ன வயதில் கடைசல் பட்டறை வாசலில் நின்று பார்த்தது மட்டும்தான். அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடைசலில் மரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்கிற சூட்டில் அரக்கு உருகி மரத்தில் நிறமாகப் பிடித்துக்கொள்ளும். மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் உள்ளே போய் உளியைத் தொட்டதில்லை. வாத்தியார் வீட்டுப் பையன் பட்டறைக்குள் போகக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. அது ஏன் என்பதை விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இங்கே உள்ளே நுழைந்ததும் முதல் பாடம் பாதுகாப்பு. நான் விவரமானவன் என்று காட்டிக்கொள்ள, கடையில் தடிமனான கையுறை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். துளை போடும் இயந்திரத்துக்கு முன்னால் நின்றதும், ரயில்வேயில் ஃபிட்டராக இருந்த ஒரு கிழவர் (எண்பது வயது, நான் அவரைக் கிழவர் என்று சொல்லலாம்) கையுறையைக் கழற்றச் சொன்னார். சுற்றுகிற இயந்திரம் கையுறையைக் கவ்வினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்ட வேண்டும், கழுத்தில் துண்டு கூடாது. கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம், தூசு பறந்தால் முகமூடியும். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் தொட விடுவார்கள். மேசை ரம்பத்தைத் தொட எனக்கு ஏழு மாதம் ஆனது.

இப்போது சொல்லப்போவது என் அவமானக் கதை.

2018இல் பேரன் பிறந்தான். அவனுக்கு ஒரு நடைவண்டி செய்ய வேண்டும் என்று ஆசை. தெருவில் வீட்டுக்காரர்கள் வேண்டாத சாமான்களை வாசல் புல்லில் வைக்கிற வாரம் வரும், தெரியுமில்லையா? அதில் அருமையான கட்டைகள் கிடைத்தன. வளைவில்லை, கணு இல்லை, லேசாகப் பச்சை ஓடிய பைன். ஓசியில் கிடைத்த சந்தோஷத்தில் தோளில் சுமந்துகொண்டு போய், அளந்து, கோடு போட்டு, கைரம்பத்தால் இரண்டு துண்டு அறுத்தும் விட்டேன். அந்த ஃபிட்டர் வந்து ரம்பத்தைப் பிடித்தார். என் கையை இல்லை, ரம்பத்தை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இது யாருக்கு?" என்றார். பேரனுக்கு என்றேன். "பேரனுக்கு ஆர்செனிக் கொடுக்கப் போகிறாயா?" என்றார்.

நாற்பது பையன்கள் முன்னால் கரும்பலகையில் கணக்குத் தப்பாகிப் போனால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. கோபம் வேறு. இரண்டு வாரம் போகவில்லை.

விஷயம் என்னவென்றால், கரையானுக்கும் உளுத்துப்போவதற்கும் எதிராகத் தாமிரம், குரோமியம், ஆர்செனிக் மூன்றும் கலந்த மருந்தை அழுத்தி ஏற்றிய மரம் அது. பச்சை நிறம் தாமிரத்தால் வருவது. வேலிக்காலுக்கு ஆகும். 2006இல் இருந்து குழந்தைகள் விளையாடும் சாதனம், சாப்பாட்டு மேசை, கைப்பிடி மாதிரி கை படுகிற பொருள்களுக்கு அந்த மருந்தேற்றிய மரத்தை இங்கே விடுவதில்லை. அடுப்பிலும் போடக் கூடாது, சாம்பலிலும் நஞ்சு தங்கும். புதுக் கட்டையின் முனையில் சின்னச் சீட்டு அடித்து 'ஹெச் 3', 'ஹெச் 4' என்று மருந்தேற்றிய தரத்தைப் போட்டிருப்பார்கள்; பழைய கட்டையில் அது எங்கே இருக்கும்? அதேபோல் சரக்கு அடுக்கும் பேலட் பலகைகளில் 'எம்பி' (MB) என்று முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, எடுக்காதே. 'ஹெச்டி' (HT) என்றால் சூடு மட்டும் காட்டியது, எடுக்கலாம். ஊருக்கு வந்திறங்கும் மரப்பெட்டியிலும் இதே முத்திரைதான் இருக்கும், பாருங்கள். எனக்கு வாய்ப்பாடு தெரியும், இது தெரியாது.

மூன்றாவது வாரம் அவரே வீட்டுக்கு வந்தார். கையில் 'டாஸ்மேனியன் ஓக்' பலகைத் துண்டுகள். பெயரில்தான் ஓக், அது யூகலிப்டஸ் மரம். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "அந்த வண்டியை வரைந்து காட்டு" என்றார். வரைந்தேன். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, பிடித்து நடக்க ஒரு குறுக்குக்கட்டை. நான் நூல் கணக்கில் அளவு சொல்ல (எட்டு நூல் ஒரு இன்ச்), அவர் மில்லிமீட்டரில் எழுதிக்கொண்டார். சக்கரம் சுலபமாகச் சுற்றினால் வண்டி ஓடிப்போய்ப் பிள்ளை குப்புற விழும், அச்சை இறுக்கு என்றது அவர். பின்சக்கரங்களை அகலமாக வைக்கச் சொன்னது நான், ஏனென்றால் எங்கள் வீட்டு வண்டி கவிழ்ந்து என் தம்பியின் நெற்றியில் இன்னும் தழும்பு இருக்கிறது. நாக்கும் துளையுமாகப் பொருத்தினோம், ஆணி கிடையாது. ஓரம் எல்லாம் உப்புத்தாள் போட்டு மழுக்கினோம்.

பூச்சு எது என்று கேட்டபோது அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். ஷெல்லாக். உள்ளே பொன்னிறத்தில் செதில் செதிலாக. மோந்து பார்த்தேன். அரக்கு! நம்ம அரக்கேதான். மாத்திரைக்கும் மிட்டாய்க்கும்கூட மேலே பூசுகிற பொருள், பிள்ளை வாயில் வைத்தாலும் பயமில்லை. ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் ஒற்ற வேண்டும். கடைசல் பட்டறைக்கு வெளியே நின்ற பையனுக்கு 63 வயதில் அரக்கு கையில் ஒட்டியது. எனக்குத் தொண்டை அடைத்தது, தூசு என்று சொல்லிச் சமாளித்தேன்.

என்ன செய்வார்கள் என்றுதானே கேட்டீர்கள்? பாலர் பள்ளிகளுக்கு மண்ணில் விளையாட மர அடுப்படி, முதியோர் இல்லங்களுக்குக் குனியாமல் செடி வைக்க உயரமான தொட்டி, கிறிஸ்துமஸுக்குப் பொம்மை லாரி, உடைந்த நாற்காலி எல்லாம் உண்டு. எனக்குப் பிடித்தது பறவைக் கூண்டு, அடைத்து வைக்க இல்லை, பறவை முட்டையிட மரத்தில் மாட்டுகிற பெட்டி. இங்கே யூகலிப்டஸ் மரத்தில் இயற்கையாகப் பொந்து விழ நூறு வருஷத்துக்கு மேல் ஆகும். பழைய மரங்களை வெட்டிவிட்டதால் ரொசெல்லா கிளிக்கு இடமில்லை. கூண்டின் உள்சுவரை இழைக்கக் கூடாது, கீறிவிட வேண்டும், குஞ்சு பிடித்து ஏறுவதற்கு. வாசலில் உட்காரக் குச்சி வைக்கக் கூடாது. வைத்தால் மைனா வந்து பிடித்துக்கொள்ளும். நம்ம ஊர் மைனாதான், 1862இல் பூச்சி தின்னட்டும் என்று இவர்களே மெல்பர்னுக்குக் கொண்டுவந்தது. இப்போது "இந்த இந்திய மைனாக்களின் தொல்லை" என்று ஒருவர் ஆரம்பித்து, என்னைப் பார்த்து நிறுத்தினார். "நாங்களாக வரவில்லை, நீங்கள்தான் கூப்பிட்டீர்கள்" என்றேன். அன்றிலிருந்துதான் நான் அவர்களில் ஒருவன்.

பணத்துக்குப் பன்னிங்ஸ் என்கிற ஹார்டுவேர் கடை வாசலில் சாசேஜ் வாட்டி ரொட்டியில் வைத்து விற்பார்கள். நான் சைவம், எனக்கு வெங்காயம் வதக்கும் பொறுப்பு. கீழே சிந்தி ஆள் வழுக்கிவிடும், வெங்காயத்தை அடியில் வைத்து மேலே சாசேஜை வையுங்கள் என்று 2018இல் அந்தக் கடை சொல்லப்போய் நாடே இரண்டு பட்டது. தோசைக்குள் வெங்காயம் வைத்துப் பழகிய நமக்கு இதெல்லாம் ஒரு விவாதமா?

ஊருக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். என் மச்சினர், "இவ்வளவு படித்து, கடல் கடந்து போய், கடைசியில் ஆசாரி வேலையா அத்தான்?" என்றார். பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். ஆசாரிக்கு அது பிழைப்பு, எனக்குப் பொழுதுபோக்கு, இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும்; அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம். ஆனால் ஒரு இழைப்புளியைச் சாணை பிடித்து, பலகையில் ஒரே சீராகச் சுருள் எடுத்துப் பார்த்தவன் அந்தச் சொல்லை அந்தத் தொனியில் சொல்ல மாட்டான்.

அதைவிட வலித்தது இங்கே நடந்தது. ஒரு தமிழ் அமைப்பு நவராத்திரிக்குக் கொலுப்படி கேட்டது. ஒன்பது படி, மடக்கி வைக்கிற மாதிரி, ஆறு வாரம் செய்தோம். கொட்டகையில் இருந்து நான்கு வெள்ளைக்காரர்கள் கொலு பார்க்க வந்தார்கள். மேடையில் சமோசா கொடுத்தவர் வரைக்கும் நன்றி சொன்னார்கள். படி செய்தவர்கள் பெயர் வரவில்லை. படியும் இன்றுவரை திரும்பி வரவில்லை. யார் வீட்டு கராஜில் இருக்கிறதோ. "நான் கேட்ட கேள்விக்கு இது சம்பந்தமா?" என்பீர்கள். இல்லைதான்.

சந்தா எங்கள் இடத்தில் வருஷத்துக்கு 60 டாலர். பத்தரைக்கு டீ, வேலையை விட அதுதான் முக்கியம், அந்த நேரத்தில் போன் செய்து அப்பாவைக் கூப்பிடாதீர்கள். முதல் நாள் நீங்கள் காரில் கொண்டுபோய் விட்டாலும் உள்ளே வராதீர்கள். அப்புறம், அவருக்கு நல்ல மூடிய ஷூ ஒன்று வாங்கிக் கொடுங்கள். செருப்போடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதல் தடவை நான் அப்படித்தான் திரும்பி வந்தேன், பையனிடம் கதவு பூட்டியிருந்தது என்று சொல்லிவிட்டேன்.