பென்னி மூட்டையை என்ன செய்வது? வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவில் பென்னி (ஒரு சென்ட் நாணயம்) அடிப்பதை நிறுத்திவிட்டார்கள், இனி கிராக்கி வரும் என்று வங்கியில் 25 டாலர் பெட்டியாகப் பத்துப் பெட்டி வாங்கி கராஜில் அடுக்கிவிட்டேன். எப்போது விற்கலாம்? (டல்லாஸ்)

பதில்: புழக்கத்துக்கான கடைசிப் பென்னியை பிலடெல்பியா நாணயச்சாலையில் 2025 நவம்பர் 12 அன்று அடித்தார்கள். ஒரு பென்னிக்கு 3.69 சென்ட் செலவானதால் நிறுத்தினார்கள், அது சரி. ஆனால் நாட்டில் கிடக்கும் பென்னி சுமார் முப்பதாயிரம் கோடி என்று கருவூலத்துறையே சொல்கிறது, இன்றும் செல்லும், அப்புறம் எங்கிருந்து கிராக்கி வரும்? 60 கிலோவுக்கு மேல் கனக்கும் சரக்கை வாங்கும் முன் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? வங்கியிலேயே திருப்பிக் கட்டுங்கள்.

கேள்வி: அப்பா பழைய செம்புப் பென்னியாகப் பொறுக்கி இரண்டு வாளி சேர்த்து வைத்திருந்தார். உருக்கி விற்கலாமா? இல்லை, ஊருக்குப் போகும்போது கும்பகோணத்தில் பாத்திரக் கடைக்குக் கொடுத்துவிடலாமா? (எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: இரண்டும் கூடாது. உருக்குவதற்கு 2006 டிசம்பரிலிருந்து தடை இருக்கிறது; மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை. பயணத்தில் செலவுக் காசாக 5 டாலருக்கு மேல் பென்னியும் நிக்கலும் (ஐந்து சென்ட் நாணயம்) வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது.

ஆனால் அப்பா விவரமானவர். 1982க்கு முந்தைய பென்னியில் 95 சதவீதம் செம்பு, அந்தச் செம்பின் மதிப்பே ஒரு சென்ட்டைத் தாண்டும். 1982 வருடக் காசில் செம்பு, துத்தநாகம் என இரண்டு வகையும் உண்டு, சமையலறைத் தராசில் பத்துக் காசை வைத்துப் பாருங்கள்: 31 கிராம் என்றால் செம்பு, 25 என்றால் துத்தநாகம். காசாகவே எடை போட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், முகமதிப்புக்கு மேல் கொடுப்பார்கள், செம்பின் முழு விலையைக் கொடுக்க மாட்டார்கள். அவசரத் தேவை இல்லையென்றால் ஈரம் படாத இடத்தில் அப்படியே வைத்திருங்கள், அது அவர் கைபட்ட சேமிப்பு.

கேள்வி: புளி போட்டு விளக்கி பளபளவென்று கொண்டுபோனேன், நாணயக் கடைக்காரர் விலையைக் குறைக்கிறார்.

பதில்: அவர் செய்தது சரி. விளக்கிய நாணயத்தைச் சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள்.

கேள்வி: 1943 செம்புப் பென்னி என்று 200 டாலர் கொடுத்து வாங்கினேன், சான்றிதழ் இல்லை. அசலா?

பதில்: காந்தம் வையுங்கள். போர்க்காலச் செம்புத் தட்டுப்பாட்டால் அந்த வருடம் எஃகில் அடித்தார்கள், ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய எஃகு. ஒட்டாவிட்டாலும் குதிக்காதீர்கள், 1948இன் எட்டைச் சுரண்டி மூன்றாக்குகிறவர்கள் உண்டு. அசல் செம்பு 1943 இப்படி 200 டாலருக்கு வராது. சான்றிதழ் கேட்காமல் எந்த தைரியத்தில் பணம் கொடுத்தீர்கள்?

கேள்வி: "யாரும் பிரித்துப் பார்க்காத பழைய ரோல்" என்று காகிதத்தில் சுருட்டிய ஐம்பது பென்னியை ஆன்லைனில் விற்கிறார்களே, வாங்கலாமா? (டொரான்டோ)

பதில்: வாங்காதீர்கள். இந்த வியாபாரத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் ஒன்று வாங்கினேன். நைந்த பழுப்புக் காகிதம், ஒரு முனையில் 1909ஆம் வருடக் காசு எட்டிப் பார்க்கிறது, மறுமுனையில் அதற்கும் முந்தைய இந்தியன் ஹெட் (செவ்விந்தியத் தலை பொறித்த பழைய பென்னி). பிரித்தால் நடுவில் இருந்த 48ம் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளிய கோதுமைக் கதிர் பொறித்த பென்னி, தேய்ந்து போனவை. காகிதத்தின் மடிப்பில் மட்டும் புதுப் பசை. அதாவது நல்ல காசு இருந்திருந்தால் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சுருட்டி, ஆசை காட்ட முனைக்கு ஒன்று வைத்து ஒட்டியிருக்கிறார்கள். திருப்பிக் கேட்டால் "உள்ளே என்ன இருக்கிறது என்று நாங்கள் சொல்லவே இல்லையே" என்று பதில் வந்தது. பிரித்துப் பார்க்கவில்லை என்று சொல்வதுதான் இங்கே பொய், அந்தப் பொய்க்குத்தான் காசு வாங்குகிறார்கள், வாங்குகிறவரால் அதை நிரூபிக்கவும் முடியாது. பழைய காசு வேண்டுமா, வருடமும் தரமும் கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாக வாங்குங்கள்.

கேள்வி: ஜாடி நிறைய பென்னி. கடையில் எண்ணும் மெஷின் ஏகப்பட்ட கமிஷன் பிடிக்கிறது.

பதில்: பணமாக எடுக்காமல் கிஃப்ட் கார்டாக எடுத்தால் பல மெஷின்களில் கமிஷன் இல்லை. இல்லையென்றால் வங்கியில் காகித உறை வாங்கி ஐம்பது ஐம்பதாகப் போடுங்கள்.

கேள்வி: அம்மா டப்பாவில் பழைய 25 பைசா, 5 பைசா வைத்திருக்கிறார். மூன்று லட்சம் தருகிறோம், முதலில் ஜிஎஸ்டி கட்டுங்கள் என்று ஃபோனில் பேசி 18,000 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள். ரிசர்வ் வங்கிக் கடிதம் என்று ஒன்றும் அனுப்பினார்கள். (திருநெல்வேலி)

பதில்: அம்மாவைத் திட்டாதீர்கள், இப்படி ஏமாந்தவர்கள் ஏராளம். அந்தக் கடிதம் போலி. பழைய நாணயம் வாங்கி விற்பதில் தனக்குச் சம்பந்தமில்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, யாருக்கும் அந்த அதிகாரம் கொடுக்கவுமில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. 25 பைசாவும் அதற்குக் கீழும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது, சாதாரண வருடக் காசுக்குச் சேகரிப்பவர்களிடமும் பெரிய விலை கிடையாது. இப்போதே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு ஃபோன் போட்டுப் புகார் கொடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள், பணம் போன ரசீதையும் வந்த வாட்ஸ்அப் தகவலையும் அழிக்காதீர்கள். "பணத்தைத் திருப்பித் தருகிறோம், இன்னும் இரண்டாயிரம் கட்டுங்கள்" என்று அதே ஆட்கள் மறுபடி கூப்பிடுவார்கள், அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.