கிளிநொச்சியில் இருந்துகொண்டு சுங்க முகவர் தொழிலைப் படிக்கலாமா? எதிலிருந்து தொடங்குவது?

படிக்கலாம். ஆனால் சான்றிதழை மட்டும் நம்பிக் கொழும்புக்கு பஸ் ஏறாதீர்கள். சரக்கு அனுப்பும் தொழிலில் உலகளவில் மதிப்புள்ளது ஃபியாட்டா (சரக்கு அனுப்புநர் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு) டிப்ளோமா. சரக்கு விவரத்தை அறிவிக்கும் சுங்கப் பத்திரம் போடுவதற்கோ சுங்கத் திணைக்களத்தின் அனுமதி தனியாக வேண்டும்.

முதலில் எச்.எஸ். குறியீட்டை, அதாவது பொருட்களை வகைப்படுத்தும் எண்ணைப் பழகுங்கள். அதன் முதல் 6 இலக்கங்கள் உலகுக்கே பொது. நம்மூர் லான்ட்மாஸ்டரையே (இரு சக்கர உழவு இயந்திரம்) எடுங்கள், முதல் 4 இலக்கங்களை மட்டும் பார்ப்போம்: வண்டி 8701, கியர்பெட்டி 8708, டீசல் இயந்திரம் தனியாக வந்தால் 8408, டயர் 4011. எல்லாவற்றையும் ‘உதிரிப்பாகம்’ என்று 8708இல் தள்ளுவதுதான் புதியவர் விடும் பிழை. வரி வித்தியாசத்தோடு தண்டமும் வரலாம்.

அடுத்தது பெறுமதி. எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றும் வரையான விலை) விலைப்பட்டியலில் கப்பற் கூலியும் காப்புறுதியும் இராது. அவற்றைச் சேர்த்த தொகைக்கே வரி. பொதிப்பட்டியலின் நிறையும் பொதி எண்ணிக்கையும் கப்பல் நிறுவனம் தரும் கப்பற் பத்திரத்தோடு ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். சுங்கத்தின் கணினி முறைமையான அசிக்குடாவின் திரையைப் பிறகு பழகலாம், அது பெரும்பாலும் தட்டச்சு வேலைதான்.