குளுட்டனும் பாலும் கூடாத ஆள் மட்டக்களப்பில் கடையில் என்ன குடிக்கலாம்?

தங்கைக்கு இரண்டும் ஒத்துக்கொள்ளாது, கல்லடிப் பக்கம் போனால் என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் வீட்டிலும் இதே நிலைமைதான்.

குளுட்டன் என்பது கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இருக்கும் ஒரு புரதம். தேயிலையிலும் கோப்பிக்கொட்டையிலும் அது இல்லை. ஆகவே இஞ்சி போட்ட பிளேன்டீயும் பால் சேர்க்காத கோப்பியும் குடிக்கலாம். ஆனால் தேநீர்க் கடையில் பால்மா கலக்கிய அதே கரண்டியால்தான் பிளேன்டீயையும் கலக்குவார்கள், அதே குவளையில்தான் ஆற்றுவார்கள். "தம்பி, பால் கொஞ்சமும் படக்கூடாது, குவளையைக் கழுவிப்போட்டு வேற கரண்டியால கலக்கித் தாங்க" என்று முதலிலேயே சொல்லுங்கள். காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் அக்கறையாகவே செய்து தருவார்கள்.

பலர் ஏமாறுவது நெஸ்டமோல்ட், மைலோ, ஹோர்லிக்ஸ் விஷயத்தில். மூன்றிலும் பார்லி மோல்ட் (முளைகட்டிய பார்லி) இருக்கிறது, பார்லியில் குளுட்டன் உண்டு. பால் சேர்க்காமல் வெந்நீரில் கரைத்தாலும் வேண்டாம். ஐஸ்கோப்பி, ஃபலூடா இரண்டிலும் பால். ஃபலூடாவில் போடும் சேமியா கோதுமையாகவும் இருக்கலாம்.

புதிய கோப்பிக் கடைகளில் ஓட்ஸ் பால் இருந்தால், பெட்டியில் 'குளுட்டன் இல்லை' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓட்ஸில் கோதுமையும் பார்லியும் கலந்துவிடுவது சாதாரணம். சோயாப் பால் பரவாயில்லை, அதிலும் பெட்டியை வாசியுங்கள். அப்புறம், லாக்டோஸ் (பாலில் இருக்கும் சர்க்கரை) நீக்கிய பாலும் பால்தான். பால் புரதம் அதில் அப்படியே இருக்கும், ஒவ்வாமை உள்ளவருக்கு ஆகாது.

காலையில் என்றால் தேங்காய்ப்பால் விட்ட இலைக்கஞ்சி கிடைக்கிறதா என்று தேடுங்கள். அரிசி, கீரை, தேங்காய்ப்பால், அவ்வளவுதான். என் மகள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டே ஒரு கோப்பை முழுவதையும் குடித்துவிடுவாள்.