மெகாபிக்சல் போதும், சென்சாரைக் கேளுங்கள்

கேள்வி: மகளின் பரதநாட்டிய அரங்கேற்றம் நெருங்குகிறது. கைப்பையில் அடங்கும் சிறிய டிஜிட்டல் கேமரா வாங்க ஆசை. 20 மெகாபிக்சல் போதுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகப் போதும். கடைக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டியது சென்சாரின், அதாவது லென்ஸ் வழியே வரும் ஒளியைப் படமாக்கும் சில்லின், அளவை. விலை குறைந்த சிறிய கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது சுமார் 6.2 × 4.6 மி.மீ. சென்சார், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. 'ஒரு அங்குலம்' என்று சொல்லப்படுவது 13.2 × 8.8 மி.மீ., பரப்பில் ஏறத்தாழ நான்கு மடங்கு. மேடையின் மங்கிய வெளிச்சத்தில் முகத்தைக் காப்பாற்றுவது அதுதான். என் அக்கா மகளின் அரங்கேற்றத்தைச் சிறிய சென்சார் கேமராவில்தான் எடுத்தேன். நெற்றிச்சுட்டியின் கற்கள் ஒன்றோடொன்று கரைந்து, கன்னமெல்லாம் மணல் தூவியதுபோல் புள்ளிகள். இன்றும் அந்தப் படங்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது.

ஜூமில் ஆப்டிகல் எண்ணை, அதாவது லென்ஸே காட்சியை எத்தனை மடங்கு நெருக்கமாக்கும் என்பதை, மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். ஜூம் செய்த பிறகும் லென்ஸின் எஃப் எண் (இது குறையக் குறைய லென்ஸுக்குள் வெளிச்சம் கூடும்) 2.8 அளவில் நிற்கிறதா என்று பாருங்கள். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி அவசியம். ஆனால் ஆடும் பாதங்களுக்கு அது உதவாது. அதற்கு ஷட்டர் வேகத்தை, அதாவது ஒரு படத்துக்காக ஒளி விழும் நேரத்தை, 1/250 நொடியில் வையுங்கள். உபரி பேட்டரி ஒன்றும் வாங்கிவிடுங்கள். ஃபிளாஷ் மட்டும் வேண்டாம், குழந்தைக்குக் கண் கூசும்.