சுக்கோத் பண்டிகையில் குடிசை போடுவது ஏன் இலையுதிர்காலத்தில்?

இஸ்ரவேலர் எகிப்தைவிட்டு வெளியேறியது வசந்த காலத்தில் என்றால், அந்தப் பயணத்தை நினைவுகூரும் சுக்கோத் என்னும் யூதரின் கூடாரப் பண்டிகை மட்டும் ஏன் ஆறு மாதம் தள்ளி வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். யூத அறிஞர்களே பல நூற்றாண்டுகளுக்கு முன்பு எழுப்பிய கேள்வி இது.

இஸ்ரவேல் நாட்டில் கோடையில் மழை இல்லை. திராட்சை, அத்தி முதலியவற்றின் விளைச்சலைச் சேர்த்து முடித்து, முதல் மழையை எதிர்பார்க்கும் வேளையில், யூத நாட்காட்டியின் திஷ்ரி மாதம் 15ஆம் நாள், அதாவது செப்டம்பர் பிற்பகுதியிலோ அக்டோபரிலோ, ஏழு நாள் பண்டிகை தொடங்குகிறது. வேதாகமத்தின் யாத்திராகமம் இதைச் சேர்ப்புக்காலப் பண்டிகை என்றே குறிப்பிடுகிறது. குடிசை வாசத்தை எகிப்திலிருந்து வந்த வரலாற்றோடு இணைப்பது லேவியராகமம் 23ஆம் அதிகாரம்.

14ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த யூதச் சட்ட அறிஞர் யாக்கோபு பென் ஆஷேர் தந்த விடை புகழ்பெற்றது: வசந்தத்தில் எல்லோருமே நிழலுக்காகப் பந்தல் போட்டு உட்காருவார்கள் என்பதால், மழைக்கு அஞ்சி ஊரார் வீட்டுக்குள் திரும்பும் பருவத்தில் வெளியே போய்த் தங்கினால்தான் அது கட்டளைக்காகச் செய்யப்படுவது என்று விளங்கும். அவருக்கு முன்பே, 12ஆம் நூற்றாண்டில், புகழ்பெற்ற வேத உரையாசிரியர் ராஷியின் பேரரான சாமுவேல் பென் மெயிர் வேறொன்று சொன்னார். களஞ்சியம் நிறைந்திருக்கும்போதுதான் மனிதன் எல்லாம் தன் கைவலிமையால் வந்தது என்று எண்ணுவான். அப்போதே அவனை வீட்டைவிட்டு இறக்கிக் குடிசையில் உட்கார வைக்க வேண்டும் என்பது அவர் கருத்து. எனக்கு இதுவே வலுவாகப் படுகிறது.

கூரைக்குரிய விதிகளும் இதற்குப் பொருந்துகின்றன. சுவரை எதனாலும் எழுப்பலாம். கூரையோ மண்ணில் விளைந்து, வெட்டியெடுக்கப்பட்ட தழை, ஓலை, மூங்கில் போன்றவற்றால்தான் வேய வேண்டும். உள்ளே வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும். ஆனாலும் இரவில் விண்மீன் தெரியும்படி இடைவெளி விடுவது வழக்கம். மரத்தடியிலோ மேல்மாடிக்குக் கீழேயோ போட்டால் செல்லாது. அதனால்தான் ஜெருசலேமின் பழைமைவாத யூதர் குடியிருப்புகளில், ஒன்றின் மேல் ஒன்று கவியாதபடி விலக்கிக் கட்டிய பால்கனிகளைக் காணலாம்.

குடிசையோடு நால்வகைத் தாவரங்களும் உண்டு: நாரத்தையை ஒத்த எத்ரோக் கனி ஒன்று, விரியாத பேரீச்சங்குருத்து ஒன்று, மிருதுச்செடியின் கிளை மூன்று, ஆற்றலரிக்கிளை இரண்டு. கனியில் ஒரு புள்ளி இருந்தாலும் விடாமல், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து வாங்குவோர் இருக்கிறார்கள். பெண் பார்ப்பதில்கூட இவ்வளவு கவனம் இராது.

மழை பெய்து உணவு கெடும் அளவுக்கு ஆனால் வீட்டுக்குள் போகலாம் என்று, யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா அனுமதிக்கிறது. ஆனால் அதை, எஜமானுக்குப் பானம் கலக்க வந்த வேலையாளின் முகத்தில் அந்த எஜமானே ஜாடி நீரை ஊற்றிவிட்டதற்கு ஒப்பிடுகிறது; அதாவது, பண்டிகையில் மழை கடவுள் நம் பணியை ஏற்காததுபோல. ஆகவே, மழைக்காக ஏங்கும் நிலமாயினும், மழையைப் போற்றும் ஜெபம் குடிசை நாட்கள் முடிந்த எட்டாம் நாளில்தான் சொல்லப்படுகிறது. மழையை நேரடியாக வேண்டிக் கேட்பது இஸ்ரேலில் மேலும் 15 நாட்கள் தள்ளி, அடுத்த மாதமான ஹெஷ்வான் 7இல் தொடங்குகிறது. பண்டிகைக்கு வந்த யாத்திரிகரில் கடைசி ஆளும் நனையாமல் யூப்ரடீஸ் நதியை எட்டுவதற்காக மிஷ்னா கொடுத்த அவகாசம் அது.